மைனியின் ஆல்டோ

மைனிக்கு,

செவ்வாய்க்கிழமை காலையில் புதுக் கம்ப்யூட்டருக்கு என் வேலைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்து வரும்போது உங்கள் பெயரில் சேமித்திருந்த கோப்பும் வந்தது. திறந்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி: நூற்றுக்கு மேற்பட்ட ஒலித்துண்டுகளைக் காணவில்லை, அவை எங்கே இருக்கின்றன என்று காட்டு. பழைய டிஸ்க்கைச் செருகி இடத்தைக் காட்டினேன். சிவப்பாக இருந்த பெயர்கள் வரிசையாக வெள்ளை ஆயின. எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கீபோர்டில் நடுக்கட்டை ஒன்றை அழுத்தினேன். பெடலில் கால் வைக்க மறந்துவிட்டேன். அதனால் மூச்சும் கரகரப்பும் மட்டுமாக, மிக மெல்ல ஒரு 'ஆ' வந்தது.

கீழே அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் எனக்கென்று சொன்ன ஒன்றை நான் வேறொருவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதற்கு முதலிலிருந்து வரவேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னையில் எட்டு வருடம் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது, நெய்யூர்ப் பக்கத்து இந்த வீட்டில் நீங்கள் தனியாக இருந்தீர்கள். உங்களைக் கட்டிய அண்ணன் மஸ்கட்டில். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாடி அறையில் மெத்தைகளையும் பழைய ஜமுக்காளங்களையும் சுவரில் அடித்து என் வேலையைத் தொடங்கினேன். ஒரு புல்லாங்குழல்காரரை உட்காரவைத்து ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக ஊதச்சொல்லிப் பதிவு செய்வேன். அந்தத் துண்டுகளைச் சாம்ப்ளர் என்ற மென்பொருளுக்குள் கட்டைகளில் பரப்பிவைத்தால், கீபோர்டு வாசிக்கத் தெரிந்த யாரும் குழலை வாசிக்கலாம். இதை உங்களுக்கு விளக்கியபோது நீங்கள் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "முழுசா இருக்கத நறுக்குகது, பொறவு ஒட்டி முழுசு மாதிரி ஆக்குகது. கொள்ளாம் வேலை."

உங்கள் வேலையும் சத்தம்தான். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். காலை எட்டு முதல் மாலை நான்கு வரை யார் யாரோ கூப்பிடுவார்கள், நீங்கள் யார் யாருக்கோ திருப்பிவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் இடது ஓரம். ஆல்டோ. மெட்டைப் பாடுகிற சோப்ரானோ எல்லார் காதிலும் விழும். ஆல்டோ அதற்குக் கீழே இன்னொரு வழியில் போகும். அது இருப்பது யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். மற்ற ஐந்து ஆல்டோப் பெண்களும் தாளைப் பார்த்துப் பாடியதைவிட உங்களைக் கேட்டுப் பாடியதுதான் அதிகம்.

குரல் கம்மத் தொடங்கி நான்கைந்து மாதம் நீங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பேசிப் பேசித் தொண்டை கட்டியது என்றீர்கள். பிறகு ஒருநாள் அடுக்களைக்குப் பின்னால் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் சொன்னீர்கள். "தொண்டைக்க உள்ள சத்தப்பெட்டிய முழுசா எடுக்கணுமாம். பதினெட்டு நாள் இருக்கு." புளி கரைத்துவைக்கச் சொன்னீர்கள். கரைத்துவைத்தேன்.

அன்று மாலையே நான் கேட்டேன், உங்கள் குரலைப் பதிவு செய்து வைக்கட்டுமா என்று. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். நீங்கள் மறுத்தீர்கள். செத்தபின் போட்டுக் கேட்பதற்கா என்றீர்கள். மூன்றாம் நாள் நீங்களாகவே மாடிக்கு வந்து, அந்தக் குழல் வாசிக்கிற சாம்ப்ளரைப் போடச் சொல்லி, ஒரு கையால் நாலு சுரம் வாசித்துப் பார்த்தீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வாசித்த கை.

"எனக்க சத்தத்தையும் இப்படி ஆக்க முடியுமா?"

முடியும் என்றேன்.

"அப்ப எடு. ஆனா நான் வாசிக்கணும். நீ வாசிக்கப்பிடாது."

பதினைந்து நாள் காலையில் வேலை. பால் விடாத கட்டன்சாயா குடித்து, ஆவி பிடித்துவிட்டு வருவீர்கள். 'ஆ', 'ஓ', வாயை மூடி 'ம்'. ஒவ்வொரு சுரத்தையும் மூன்று பலத்தில். மீன்காரரின் ஹாரன் கேட்டால் நிறுத்துவோம். பக்கத்து வீட்டுத் தகரக்கூரையில் மழை விழுந்தால் அது ஓயும்வரை உட்கார்ந்திருப்போம். வார்த்தைகளும் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றீர்கள். ஒரே ஹலோவை நூறு தடவை அதே மாதிரி கேட்டால் பைத்தியம் பிடிக்கும் என்றீர்கள். இருபது வருடம் ஹலோ சொன்னவருக்குத் தெரியும்.

ஒருநாள் திரையில் நான் நிரப்பிக்கொண்டிருந்த அட்டவணை எதற்கு என்று கேட்டீர்கள். மாடுலேஷன் என்று தொடங்கினேன். சுரத்தை அப்படியே வைத்தால் அது செத்துக்கிடக்கும். அதை அசைக்க எங்கிருந்தாவது ஒரு கட்டளை வரவேண்டும்: விரலின் வேகம், சக்கரம், பெடல், அல்லது மென்பொருளே மெல்ல ஆட்டும் அலை. அந்தக் கட்டளை எதைப்போய் அசைக்கவேண்டும் என்பது அடுத்த பத்தி: ஒலியின் அளவையா, சுருதியையா, குரலின் தெளிவையா. எவ்வளவு அசைக்கவேண்டும் என்பது மூன்றாம் பத்தி. நான் சொல்லி முடிக்கும் முன்பே நீங்கள் தலையாட்டிவிட்டீர்கள். "கூப்பிடுகது யாரு, யாருக்குப் போகணும், எவ்வளவு அவசரம். இது எனக்க வேலைல்லா."

அன்றிலிருந்து அட்டவணையைப் பற்றி உங்களோடு சமமாகப் பேச முடிந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை. பதிவுகளில் இருந்த கரகரப்பை ஒரு இரவில் முழுதும் துடைத்தெடுத்துவிட்டு, காலையில் பெருமையாகப் போட்டுக்காட்டினேன்.

"இது யாரு மக்கா?"

"நீங்கதான்."

"நான் இல்ல. இவளுக்குச் சீக்கே வந்ததில்ல."

துடைத்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆனால் கரகரப்பைத் தனி அடுக்காகப் பிரித்துவைத்தேன், அளவை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று. மெதுவாகப் பாடும்போது அதிகமாகவும் பலமாகப் பாடும்போது குறைவாகவும் உங்களுக்கு அது வந்தது. அட்டவணையில் அதற்கான எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் போதும். கட்டளை கூடும்போது அது குறையும். இந்தக் கழித்தல் குறி உங்களுக்குப் பிடித்திருந்தது.

இனி, நான் செய்தது. சுரங்களுக்கு நடுவே நீங்கள் பேசினீர்கள். மழைக்காகக் காத்திருந்தபோது, சாயா ஆறும்போது. பதிவை நான் நிறுத்தவில்லை. முதல்நாள் அது மறதி. இரண்டாம் நாளிலிருந்து மறதி இல்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் வந்தான், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனான். அவன் போன மறுவாரம் நீங்கள் மாடிப்படி ஏறி வந்தீர்கள். கழுத்தில் மெல்லிய துணி. நான் அதற்குள் ஒரு கருவி வரவழைத்து வைத்திருந்தேன். வாயில் கவ்வி ஊதும் சின்னக் குழாய். ஊதுகிற அழுத்தத்தை அது கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மூச்சைக் கூட்டினால் குரல் கூடும், குறைத்தால் குறையும். பாடுகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பாதை உண்டா என்று நினைத்து, எல்லாவற்றையும் அந்தக் குழாய்க்கே கட்டியிருந்தேன். உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு விரலால் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினீர்கள்.

இனி உங்கள் மூச்சு வாய்வழி வராது, கழுத்தில் போட்ட துளைவழிதான். டாக்டர் படம் வரைந்து விளக்கியபோது நானும்தான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்படியிருந்தும் எனக்கு அது தோன்றவேயில்லை.

உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தீர்கள், சத்தமில்லாமல். போனை எடுத்து எதையோ அடித்தீர்கள். என் போன் அதிர்ந்தது. 'லைன் கட் ஆயாச்சு. வேற லைன்ல விடு.'

எந்த லைன்? விரலின் வேகம் போதாது. கட்டையைத் தொட்ட அந்த ஒரு கணத்தோடு அதன் கட்டளை முடிந்துபோகும், பிறகு சுரம் வளரவோ தேயவோ முடியாது. சக்கரத்துக்கு இடதுகை வேண்டும். அந்தக் கை உங்களுக்கு வாசிக்கத் தேவை. நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கையில் நீங்கள் கீழே போய்விட்டீர்கள். கோபம் என்று நினைத்தேன். தையல் மிஷினின் கால்பெடலைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மோட்டார் பொருத்திய மிஷினில் அதைக் கொஞ்சம் அமர்த்தினால் மெல்ல ஓடும், அதிகம் அமர்த்தினால் பறக்கும். ஜம்பர் ரவிக்கைகள் தைத்துத் தைத்து அந்தக் கணக்கு உங்கள் வலதுகாலுக்குள் இருந்தது.

மிஷின் பெடல் கம்ப்யூட்டரோடு பேசாது. அதே மாதிரி அமர்ந்து எழுகிற கீபோர்டு பெடல் ஒன்றை நாகர்கோவிலில் வாங்கி வந்தேன். அந்த ஒரு பெடலிலிருந்து நான்கு பாதை போட்டோம். ஒன்று, மெதுவான பதிவிலிருந்து பலமான பதிவுக்கு வழுக்கிப்போக. இரண்டு, குரலின் தெளிவைத் திறக்க. மூன்று, கழித்தல் குறியோடு கரகரப்புக்கு. நான்காவது அதிர்வுக்கு. இதில்தான் நாள் போனது. மென்பொருள் தரும் அலை தொட்ட உடனே ஆடத் தொடங்கியது. நீங்கள் எழுதினீர்கள்: 'முதல்ல சும்மா நிக்கணும். பொறவுதான் ஆடணும். எடுத்த உடனே ஆடுகது குடிகாரன்.' அலை கொஞ்சம் பிந்தி வரும்படி வைத்தேன். பெடல் பாதிக்குமேல் போனால்தான் ஆட்டம் கூடும்படி திரையிலிருந்த வரைகோட்டை வளைத்தேன். வளைவை ஒரு மயிரிழை மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுவீர்கள். சரியாக வந்த அன்று, ஒரு பாட்டின் ஆல்டோவை முழுதாக வாசித்துவிட்டு, திரும்பவும் வாசித்தீர்கள்.

அதோடு நான் நின்றிருக்கவேண்டும். கீபோர்டின் இடது கோடியில் பத்துக் கட்டைகள் சும்மா இருந்தன. உங்கள் பேச்சிலிருந்து வெட்டி எடுத்த வார்த்தைகளை அவற்றில் வைத்தேன். 'மக்கா', 'வந்தியா', 'பைய', 'போதும்'. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி உங்களுக்கு வந்திருந்தது, கடையில் பேசப் பயன்படுத்துவீர்கள். ஆனால் அதில் வருவது யாருடைய குரலும் இல்லை. இது உங்களுடையது. சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

என்ன என்று விளக்காமல் முதல் கட்டையை அழுத்தச் சொன்னேன். "மக்கா" என்று உங்கள் குரல் கூப்பிட்டது. அடுத்ததையும் அழுத்தினீர்கள். "வந்தியா." பிறகு எழுந்து போய்விட்டீர்கள்.

ஒன்பது நாள் மாடிக்கு வரவில்லை. சாப்பாடு எடுத்துவைத்தீர்கள், துணி மடித்துவைத்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் காலையில் என் போனில் நீளமாக ஒன்று வந்தது. 'பாடினதை உனக்குத் தந்தேன். பேசினதைத் தரல்ல. அது உனக்குச் சொன்னது. நீ அத எடுத்து எனக்கே கட்டையில வச்சுத் தருகே. நான் கேட்டதுண்டா? அழி.'

நீங்கள் பக்கத்தில் நிற்க அழித்தேன். கம்ப்யூட்டரில், இரண்டு டிஸ்க்குகளில், ஆன்லைனில் வைத்திருந்த நகலில். எல்லாம் போய்விட்டதா என்று நீங்கள் கண்ணால் கேட்டீர்கள். போய்விட்டது என்றேன். அது உண்மை. என் முதுகில் கை வைத்தீர்கள். பிறகு உட்கார்ந்து பெடலில் கால் வைத்தீர்கள்.

சபையார் விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. குழுவுக்குள் ஒரு கீபோர்டை ஆல்டோவாக நிறுத்துவதைப் பற்றிக் கொயர் மாஸ்டருக்குத் தயக்கம். சிலர் மனிதக் குரலுக்கு நடுவில் மிஷினா என்று கேட்டார்களாம். நீங்கள் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்து வாசித்தீர்கள். அவர் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்று நான் கேட்டபோது நீங்கள் உங்கள் பழைய இடத்தைக் காட்டினீர்கள். வாய் இருந்த உயரத்தில், இரண்டாம் வரிசை இடது ஓரம். சர்ச்சின் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு இதிலிருந்து ஒரு கம்பியும் போகக்கூடாது என்று எழுதினீர்கள். மென்பொருளில் நான் சேர்த்திருந்த எதிரொலியையும் எடுக்கச் சொன்னீர்கள். சர்ச்சிலேயே எதிரொலி இருக்கிறது, இன்னொன்று எதற்கு.

பண்டிகையன்று வாழைக்குலையும் பலாவும் கோழியும் பலிபீடத்தின் முன் குவிந்திருந்தன. ஏலத்துக்கு வந்த கூட்டம் வெளிவராந்தா வரை. நான் தூணருகில் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி நின்றேன். பாட்டு தொடங்கியது. ஆறேழு மாதமாக ஆல்டோப் பெண்கள் இரண்டாம் அடியில் வழிதவறி மெட்டோடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அன்று அவர்கள் போகவில்லை. உங்களுக்கு அடுத்து நின்ற பெண் தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, எப்போதும்போல உங்கள் பக்கம் காதைச் சாய்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. சபையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்து ஏலக்காரர் முதல் குலையைத் தூக்கிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் போன் அதிர்ந்தது. 'யாரும் திரும்பிப் பாக்கல்ல. பாத்தியா?' அதைவிடப் பெரிய சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

அதற்குப்பின் ஒன்றரை வருடம் நீங்கள் வாசித்தீர்கள். நோய் நுரையீரலுக்கு வந்தபோது கால் பலம் குறைந்தது. பெடலைக் கொஞ்சம் அமர்த்தினாலே முழுதும் திறக்கும்படி வளைவை மாற்றித் தந்தேன், இரண்டு தடவை. மூன்றாவது தடவை மாற்றவேண்டி வரவில்லை. அண்ணன் வேலையை விட்டு வந்து கடைசி இரண்டு மாதமும் கூடவே இருந்தான். அடக்கத்தன்று கொயர் மாஸ்டர் என்னிடம் வந்து, நீங்கள் வாசித்ததை நான் வாசிக்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. ஆல்டோப் பெண்கள் ஐந்து பேரும் அவர்களாகவே பாடினார்கள். தவறவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை.

அண்ணன் மாடிக்கு வந்தான். நீங்கள் போன பிறகு அவன் அந்த அறைக்குள் வந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினான், பெடலை முழுதாக மிதித்தான். குரல் வெடித்து வந்தது. கையை எடுத்துவிட்டான்.

"இது சர்ச்சுல உள்ள சத்தம். வீட்டுல பேசுகது ஒண்ணும் எடுத்து வைக்கல்லியா?"

இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்ததையும், கட்டையில் வைத்ததையும், நீங்கள் கோபப்பட்டதையும், அழித்ததையும். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பெடலிலிருந்து காலை எடுத்தான்.

"என்னத்த பேசுனா?"

மைனி, ஒலியை வெட்டுகிறவர் ஒரு துண்டை ஐம்பது தடவை கேட்பார். எங்கே மூச்சு, எங்கே எச்சில் விழுங்கல், எந்த எழுத்தில் குரல் உடைந்தது, எல்லாம் தெரிந்துபோகும். டிஸ்க்கிலிருந்து அழித்தேன். என்னிடமிருந்து அழிக்க வழி தெரியவில்லை. அது எனக்குச் சொன்னது என்று எழுதினீர்கள். எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். மழை விடட்டும் என்றதை, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடியதை, மீன்காரரைத் திட்டியதை. உங்கள் இழுப்பிலேயே சொன்னேன், வேறுமாதிரி எனக்கு வரவில்லை. அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

"என்னப் பத்தி வல்லதும் சொன்னாளா?"

ஒன்பதாம் நாள், மழைக்காகக் காத்திருந்தபோது சொன்னது. அதைச் சொன்னேன்.

"உனக்க அண்ணன் போன்ல கூப்பிட்டா முதல்ல சாப்பிட்டியான்னுதான் கேப்பாரு. இனி நான் விரலால ரெண்டு தட்டு தட்டுவேன். அவருக்குப் புரியும். புரியல்லேன்னா, இருவது வருசம் என்னத்துக்குப் போன்ல குடும்பம் நடத்துனோம்?"

அண்ணன் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். மஸ்கட்டுக்குத் திரும்பிப்போன முதல்நாளே நீங்கள் போனில் இரண்டு தட்டுத் தட்டினீர்களாம். அதற்குச் சாப்பிட்டாச்சு என்ற அர்த்தத்தைத் தானே கண்டுபிடித்ததாக இத்தனை நாளும் நினைத்திருந்தானாம்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

'புரியல்லேன்னா' என்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு மூச்சு எடுத்திருந்தீர்கள். அதே இடத்தில் மூச்சு எடுத்து, இன்னொரு தடவை சொன்னேன்.